மூச்சுப் பையில் நீர்த்துளி: சிலிக்கா ஜெல் போடலாமா?

டெட்லர் பையில் (வாயு மாதிரி பிடிக்கும் பிளாஸ்டிக் பை) மூச்சைப் பிடித்து வைத்தால் உள்ளே துளி படிகிறது, மூச்சிலுள்ள அசிட்டோனின் அளவு தடவைக்குத் தடவை மாறி வருகிறது, கருவிக்குப் போகும் வழியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் தண்ணீரோடு அசிட்டோனையும் எத்தனாலையும் சேர்த்தே விழுங்கும். ஈரத்தைச் சுவர் வழியே வெளியேற்றும், விலை கூடிய நேஃபியான் குழாயிலும் அம்மோனியா, ஆல்கஹால் எல்லாம் ஈரத்தோடு போய்விடும். பால் சர்க்கரை செரிக்கிறதா என்று பார்க்கும் லாக்டோஸ் சோதனைக்காக ஹைட்ரஜனும் மீத்தேனும் மட்டும் அளப்பவர்கள் தாராளமாக உலர்த்தலாம், உங்கள் கதை வேறு.

37 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு லிட்டர் காற்றில் சுமார் 44 மில்லிகிராம் நீராவி இருக்கும். 25 டிகிரியில் அதே ஒரு லிட்டர் தாங்குவது 23தான். மீதி பைச் சுவரில் படியும், ஏசி அறை என்றால் இன்னும் மோசம். அசிட்டோனோ நூறு கோடியில் சில நூறு பங்கு. அதில் ஒரு பகுதி அந்தத் துளியில் கரைந்துவிடும். மூச்சில் இருக்கும் இன்னொரு சேர்மமான ஐசோப்ரீன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ஒரே பையை அடுத்தடுத்து அளக்கும்போது ஐசோப்ரீன் சீராக நின்று அசிட்டோன் மட்டும் ஆடினால், முதலில் துளியைச் சந்தேகப்படுங்கள்.

ஆகவே, உலர்த்துவதைவிடச் சூடாக வைத்திருப்பதே மேல். பையை 40 டிகிரி இன்குபேட்டரில் வைத்து, சூடு ஆறாமல் கருவிக்குள் இழுங்கள். பையைச் சூடாக்கிவிட்டு வால்வையும் கருவிக்குப் போகும் குழாயையும் பலர் மறந்துவிடுகிறார்கள்; துளி அங்கே போய் உட்காரும். முடிந்தவரை அன்றைக்கே அளந்துவிடுங்கள். டெட்லர் வழியாக நீராவி மெல்லக் கசியும், அப்புறம் பையே தன் பங்குக்குக் கொஞ்சம் பீனாலை விடும்.

சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ்தான் கருவி என்றால், பைக்குப் பதில் சேர்மங்களைப் பிடித்து வைக்கும் டெனாக்ஸ் குழாய்க்கு மாறலாம். அது தண்ணீரை அதிகம் பிடித்து வைக்காது. மாதிரி எடுத்த பிறகு, எடுத்த அதே திசையில் சிறிது உலர்ந்த நைட்ரஜனை ஓட்டினால் மிச்ச ஈரமும் போகும். ஆனால் ஓட்டம் அதிகமானால் அசிட்டோன் போன்ற லேசான சேர்மங்கள் நழுவிவிடும்.

அளவுத்திருத்த வாயுவையும் (கருவியைச் சரிபார்க்கும், அளவு தெரிந்த வாயு) பாருங்கள். உலர்ந்த வாயுவில் அளவுக்கோடு போட்டு ஈர மூச்சை அதோடு ஒப்பிட்டால் எண் பொருந்தாது, அதற்கும் ஈரம் ஏற்ற வேண்டும். சிலிண்டர் வாயுவை நேராகத் தண்ணீருக்குள் குமிழவிடாதீர்கள், அசிட்டோன் அங்கேயே கரையும். நைட்ரஜனைத் தனியாகக் குமிழவிட்டு, ஈரமான பிறகு அதைச் சிலிண்டர் வாயுவோடு கலந்துவிடுங்கள்.