உக்கிராண அறையின் சாவி

அன்புள்ள ஐயா,

எங்கள் பங்கில் பல வருடமாக மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். இத்தாலியின் 'தி வாய்ஸ்' பாட்டுப் போட்டியில் 2014-ல் வென்ற சிஸ்டர் கிறிஸ்தினா ஸ்குச்சாவின் கதையை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். வென்ற மேடையிலேயே அவர் பரலோக மந்திரம் (இயேசு கற்றுக்கொடுத்த ஜெபம்) சொன்னது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். போன மாதம் ஒரு மாணவி, "அவங்க மடத்தை விட்டு வந்துட்டதா 2022-லயே சொல்லிட்டாங்களாம் டீச்சர், அப்போ ஸ்பெயின்ல ஹோட்டல்ல வேலை பாத்தாங்களாம். அப்போ சிஸ்டர் தோத்துட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துப்போனது. மேடையில் நின்றவர் பிறகு தட்டு எடுத்தார். இனி இந்தக் கதையைச் சொல்வதா, விட்டுவிடுவதா?

ஒரு மறைக்கல்வி ஆசிரியை

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிட வேண்டாம். 2022 வரை சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த முதல் சுற்றுக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுவர்கள் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். குரல் பிடித்தால்தான் நாற்காலி திரும்பும். பாடுகிறவர் யார், எப்படி இருப்பார் என்று அவர்களுக்குத் தெரியாது. கறுப்பு உடை, முக்காடு, கழுத்தில் சிலுவை, காலில் தட்டைக் காலணி என்று இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு பாப் பாட்டைத் துள்ளித் துள்ளிப் பாடுகிறார். ஓரத்தில் அவருடைய சபைச் சகோதரிகள் குதிக்கிறார்கள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, நடுவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். உடம்பெல்லாம் பச்சை குத்திய ராப் பாடகர் ஜே-ஆக்ஸ் கண்கலங்கிவிட்டார். நீயும் நானும் பிசாசும் தீர்த்தமும் மாதிரி என்று அவர் சொல்ல, கிறிஸ்தினா அவருடைய அணியையே தேர்ந்தெடுத்தார்.

இதற்கு வத்திக்கான் என்ன சொல்லும் என்று நடுவர்களில் ஒருவரான மூத்த பாடகி ரஃபாயெல்லா கர்ரா கேட்டார். திருத்தந்தை பிரான்சிஸின் போனுக்காகக் காத்திருக்கிறேன் என்றார் கிறிஸ்தினா. எனக்கு ஒரு கொடை இருக்கிறது, அதை உங்களுக்குக் கொடுக்கிறேன் என்றும் சொன்னார். இத்தாலிய மொழியில் 'கொடை' என்பதற்கும் 'கொடுக்கிறேன்' என்பதற்கும் ஒரே சொல்தான். நம் மொழியிலும் இரண்டுக்கும் வேர் ஒன்று.

அந்த நாட்களில் வத்திக்கானின் பண்பாட்டுத் துறைத் தலைவராக இருந்த கர்தினால் ரவாசி ட்விட்டரில் கிறிஸ்தினா பெயரோடு சேர்த்துப் போட்டது 1 பேதுரு 4:10. பெற்ற கொடையைக் கொண்டு ஒருவருக்கொருவர் உதவுங்கள் என்கிற வசனம். உங்கள் பொது மொழிபெயர்ப்பில் அந்த வசனத்தில் 'பொறுப்பாளர்கள்' என்று இருக்கும். நான் வளர்ந்த பழைய பைபிளில் 'நல்ல உக்கிராணக்காரர்போல'. அந்தச் சொல்லை எனக்கு விளக்க யாரும் தேவைப்படவில்லை. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் சமையல் சாமான் வைத்துப் பூட்டுகிற உக்கிராண அறை என் பெரியப்பா பொறுப்பில்தான் இருக்கும். சாவி இடுப்பில். நடுராத்திரி சமையல்காரர் வந்து "அண்ணாச்சி, வெல்லம் காணாது" என்பார். பெரியப்பா எழுந்து பூட்டைத் திறந்து நிறுத்துக் கொடுப்பார். அரிசி மூட்டையும் வாழைத்தாரும் சுற்றிக் கிடக்க அவர் நடுவில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. உள்ளே இருப்பது எதுவும் அவருடையது இல்லை. கேட்டவருக்கு இல்லை என்னாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. பந்தி முடிந்ததும் வீட்டுக்காரரிடம் கணக்கை ஒப்பித்து, சாவியைக் கொடுத்துவிட்டு வருவார். வீட்டுக்காரரிடம்தான். சாப்பிட்டுக் கை கழுவிய விருந்தாளிகள் யாரும் அவரிடம் கணக்குக் கேட்டதில்லை.

கிறிஸ்தினா விஷயத்தில் நாம் விருந்தாளிகள். 2014 ஜூன் 5 இறுதிச் சுற்றில் 62 சதவீத வாக்கு வாங்கி வென்ற கையோடு, நேரலையில் அவர் அந்தப் பரலோக மந்திரத்தைச் சொன்னார். அந்தப் பந்தியில் நீங்களும் நானும் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டோம். எட்டு வருடம் கழித்து அவர் இத்தாலியத் தொலைக்காட்சியில் வந்து, உளவியல் ஆலோசகரின் துணையோடு நீண்ட காலம் யோசித்து மடத்தை விட்டு வந்ததைச் சொன்னார். விசுவாசம் போகவில்லை, கடந்த வருடங்களுக்கு நன்றியோடிருக்கிறேன் என்றும் சொன்னார். அதற்குமேல் அவரிடம் கேட்க நமக்கு என்ன உரிமை? துறவற வார்த்தைப்பாட்டை விட்டு வருவது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. சபையில் அவரோடிருந்தவர்களுக்கு அது வலித்திருக்கும், அவருக்கும் வலித்திருக்கும். ஆனால் அந்தக் கணக்கு அவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் இருக்கிறது.

வெற்றியைச் சாட்சியாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் நாம் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று உண்டு. கோப்பையைத் தேவனுடைய கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் அந்த ஆள் வேறு பாதையில் நடந்தால் கையெழுத்தே பொய்யோ என்று பதறுகிறோம். உங்கள் மாணவி பதறவில்லை. நேராகக் கேட்டிருக்கிறாள். அவளிடம், எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து யோசிப்போம் என்று சொல்ல நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'தட்டு எடுத்தார்' என்ற வார்த்தை. தோல்வி என்பதற்குப் பதிலாக அதை எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு வகுப்பில் லூக்கா 22:27-ஐ அந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். பந்தியிருக்கிறவன் பெரியவனா, பணிவிடை செய்கிறவன் பெரியவனா என்று இயேசு கேட்கிற இடம். அவர் தன்னை அதில் யாரோடு சேர்த்துக்கொள்கிறார் என்று அவள் கண்டுபிடிக்கட்டும். பிறகு கிறிஸ்தினாவைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.