சாப்பாட்டு மேசைக்கு மேல் ஒரு விளக்கு: சுவரை உடைக்காமல் முடியுமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் பழைய மாடி வீடு. கீழ்த்தளச் சாப்பாட்டு அறைக்கு இப்போதுதான் வர்ணம் பூசினோம். மேசைக்கு நேர் மேலே ஒரு தொங்குவிளக்கு வேண்டும். அந்த இடத்தில் வயர் இல்லை. எட்டடி தள்ளி மின்விசிறி மட்டும் இருக்கிறது. சுவரையும் கொங்கிரீட்டையும் வெட்டியே ஆக வேண்டும் என்கிறார் வேலைக்கு வந்தவர். வேறு வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. உங்களுக்குத் தேவையான பாதை அந்த மின்விசிறிக்குப் போகும் குழாயாக ஏற்கெனவே சுவருக்குள் இருக்கக்கூடும். சுத்தியலை எடுப்பதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுவிச் பெட்டியில் உள்ள மின்விசிறி வயரை ஒருவர் மெதுவாக இழுக்க வேண்டும். மற்றவர் மேலே மின்விசிறி மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அங்கே வயர் அசைந்தால் குழாய் திறந்திருக்கிறது. பழைய வயரின் நுனியில் புதிய வயர்களைக் கட்டி, அதையே கயிறாக்கி இழுத்துவிடலாம். அசையவில்லை என்றால் வயரைக் குழாயில்லாமல் சாந்துக்குள் புதைத்திருக்கக்கூடும். பழைய வீடுகளில் இது புதுமையல்ல.

புதிய விளக்குக்குத் தனிச் சுவிச் வேண்டுமென்றால், சுவிச்சிலிருந்து மேலே வர வேண்டியது மின்சாரம் கொண்டுவரும் ஒரு புதிய லைன் வயர்தான். அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் மின்விசிறி இணைப்பில் ஏற்கெனவே இருக்கும். விளக்கின் உடல் உலோகம் என்றால் எர்த் கட்டாயம். எர்த் இல்லாத பழைய இணைப்பு என்றால், சதுரத்துக்குள் சதுரக் குறியிட்ட இரட்டைக் காப்பு விளக்கையே வாங்குங்கள். மின்விசிறியின் வேகச் சுவிச்சுக்குப் பிந்திய வயரிலிருந்து விளக்குக்கு லைன் எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிறதே என்று வேறொரு சுற்றின் நியூட்ரலையும் இரவல் வாங்கக் கூடாது. ஒரு சுற்றை அணைத்த பிறகும் மற்றச் சுற்றின் மின்னோட்டம் அந்த நியூட்ரலில் ஓடும். நம்பித் தொட்டவர் மாட்டிக்கொள்வார்.

இனி அந்த எட்டடி. சீலிங்கைத் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் மேலே இடைவெளி இருக்கிறது. அதற்குள் குழாய் போட்டு வயரைக் கொண்டுபோகலாம். ஆனால் பழைய தகடு என்றால் அஸ்பெஸ்டஸாக இருக்கலாம், காய்ந்த நிலையில் துளைத்துத் தூசி கிளப்ப விடாதீர்கள். விளக்கின் பாரமும் தகட்டில் அல்ல, மேலுள்ள மரச்சட்டத்தில் தொங்க வேண்டும்.

கல்லைத் தட்டியது போலக் கேட்டால் அது கொங்கிரீட் தளம். அதை வெட்டச் சம்மதிக்காதீர்கள். அடியிலுள்ள கம்பிக்குக் காவலாக இருப்பது ஓர் அங்குலம் அளவு கொங்கிரீட்தான். அதைக் கீறிவிட்டால் கடற்காற்று அடிக்கும் வெள்ளவத்தையில் துரு மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். வயரை மறைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் ஒட்டி, சீலிங்கின் நிறத்தையே அதற்கும் பூசுங்கள். அழகில்லை என்பார்கள், ஒரு வாரத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது.

சுவரை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சுவிச்சுக்கு நேர் மேலே செங்குத்தாக மட்டும் வெட்டட்டும். ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் ஒன்றரை அங்குலம். குறுக்காக என்றால் ஆறிலொன்றுதான். சாய்வாக ஒருபோதும் வேண்டாம், பின்னர் ஆணி அடிப்பவருக்கு அந்தப் பாதை தெரியாது. சாந்துக்குள் புதையும் வயரில் இணைப்பு எதுவும் இருக்கக் கூடாது. கறுப்பு நாடா சுற்றிய இணைப்பு, கொழும்பின் ஈரக்காற்றில் பசை விட்டுவிடும். இணைப்புகள் கனெக்டர் போட்டு, திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

புறக்கோட்டையில் வயர் வாங்கினால் ‘1/1.13’ என்று கேளுங்கள்; விளக்குக்கு அந்த ஒரு சதுர மில்லிமீற்றர் வயர் தாராளம். 10 வாட் எல்.ஈ.டி. விளக்கு எடுப்பது அரை அம்பியருக்கும் மிகக் குறைவு.

ஒரு முக்கிய எச்சரிக்கை. 2022 மின்வெட்டுக்குப் பிறகு பல வீடுகளில் இன்வேர்ட்டர் வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இருந்தால் மெயின் சுவிச்சை அணைத்தாலும் விளக்குச் சுற்றில் 230 வோல்ட் இருக்கலாம். அதையும் அணைத்து, சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானையும் அன்றே அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் விளக்கை விட அதுதான் முதல் வேலை. இணைப்பு வேலையைத் தகுதிச் சான்றுள்ள மின்னியலாளரிடமே கொடுங்கள்.

சுவர் வெட்டப்பட்டால், மேசன் பூசுவதற்கு முன் அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.