முத்துக்குப் பக்கத்தில் நெருப்பு

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் அப்பாவின் நகைப் பட்டறையில் வேலை செய்கிறேன். பழுது வேலைக்கு ஒரு சின்ன ஆர்க் வெல்டிங் மெஷின் வாங்க ஆசை. அப்பாவோ, "கரண்ட்ல ஒட்டுனது நிக்காதுடா, பொடி வச்சு ஊதுனாத்தான் வேலை" என்கிறார். கொலுசு, நாச்சியார்கோயில் விளக்கு எல்லாமே இதில் செய்யலாம் என்று விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா?

அன்புள்ள தம்பி,

வாங்குங்கள். ஆனால் கொலுசுக்கும் விளக்குக்கும் வேண்டாம், கல்லும் முத்தும் வைத்த நகைக்காக வாங்குங்கள்.

என் அம்மாவின் முத்துத் தோட்டில் தண்டு ஒடிந்து, கும்பகோணத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். முத்தைக் கழற்றாமலே பொடி வைத்து நெருப்பை ஊதிவிட்டார்கள். பழுப்பேறித் திரும்பி வந்தது. அம்மா அப்புறம் அதைப் போடவே இல்லை. பொடி என்பது ஒட்டுக்கு வைக்கும் கலப்பு உலோகம். அது உருகி ஓட, நகையே சிவக்கக் காய வேண்டும். முத்து அந்தச் சூட்டைத் தாங்காது.

இந்த மெஷினில் நடப்பதே வேறு. எர்த் கிளிப்பை நகையில் மாட்டி, ஒட்ட வேண்டிய இடத்தை டங்ஸ்டன் ஊசி முனையில் தொட வைக்கிறீர்கள். ஆர்கான் வாயு வந்து காற்றை விலக்குகிறது. ஊசி சட்டென்று பின்வாங்க, அந்த இடைவெளியில் ஒரு பொறி. டிக். சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். கசகசா அளவுக்கு ஒரு பொட்டு உருகி உறைந்திருக்கும். செலவாகும் சக்தி சில ஜூல், கனமான இடமென்றால் சில பத்து ஜூல். நூறு கிராம் எடைக்கல்லை ஒரு மீட்டர் தூக்கினால் ஒரு ஜூல், அவ்வளவுதான். அதனால்தான் நகையை விரலில் பிடித்துக்கொண்டே ஒட்ட முடிகிறது. பொடியே இல்லாததால் தங்கத்தின் மாற்றும், அதாவது சுத்தமும், குறையாது. காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த பொடியை ஊதும்போது எழும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அப்பா எத்தனை வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வெள்ளி முரண்டு பிடிக்கும். உலோகங்களிலேயே சூட்டை வேகமாகக் கடத்துவது அதுதான், பொறி விழுந்த இடத்திலிருந்து சூடு ஓடிவிடும். சக்தியைக் கூட்டினால் கொலுசின் மெல்லிய வளையம் உருண்டு போய்விடும். கழிவு வெள்ளியில் நிறையப் பழகாமல் கை வைக்காதீர்கள். பித்தளை விளக்கை விட்டுவிடுங்கள். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், பித்தளையில் உள்ள துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளைப் புகை வரும், ஒட்டில் குழி விழும், ஊசி முனையும் அழுக்கேறிப் போகும்.

அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். பொடி இடுக்கில் இறங்கி உள்ளே வரை பிடிக்கும். பொறி மேலாகத்தான் பிடிக்கும். கனமான மோதிரத்தை அப்படியே சேர்த்துச் சுற்றிலும் பொட்டு வைத்தால் வெளியே ஒட்டியதாகத் தெரியும், உள்ளே பிளவு அப்படியே இருக்கும். இரண்டு முனையையும் அரத்தால் சரித்து ராவி, அடியில் ஒட்டி, அதே மாற்றுக் கம்பியை உருக்கி உருக்கிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். பழைய ஈயப் பற்று இருந்தால் துளிகூட விடாமல் சுரண்டி எடுக்க வேண்டும், ஈயம் கலந்தால் தங்கம் நொறுங்கும். இந்த ராவலும் பொருத்தலும் அப்பாவின் கை வேலை. அதை அவரிடம் கற்றுக்கொள்ளாமல் மெஷின் முன் உட்காராதீர்கள்.

அப்புறம், பொறியை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பையன்களுக்கும் இது பொருந்தும்.

பணம் கொடுக்கும் முன், கழிவுத் தங்கத்தில் ஒரு வளையத்தை அந்த மெஷினிலேயே ஒட்டி அப்பாவிடம் கொடுங்கள். இரண்டு குறடால் பிடித்து, ஒடியும் வரை முறுக்கட்டும். எந்த இடத்தில் ஒடிந்தது என்று லென்ஸ் வைத்து இரண்டு பேரும் பாருங்கள்.