வெல்டிங் கேள்வி பதில்: மேல பளபளன்னு இருக்கு, கீல் பேர்ந்துடுச்சே!

கேள்வி: கேட் பட்டறை வெச்சிருக்கேன் சார். வெல்டிங்குக்கு 6013 நம்பர் ராடுதான். வெல்டு பார்க்க அழகா இருக்கு, ஆனா போன வாரம் ஒரு கேட்டோட கீல் அப்படியே பேர்ந்து வந்துருச்சு. ராடு மாத்தணுமா? - வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ராடு மேல பழி போடாதீங்க. 6013ல அந்த 60ங்கறது சதுர அங்குலத்துக்கு 60 ஆயிரம் பவுண்டு இழுவிசை, கேட்டுக்கு தாராளம். பேர்ந்த இடத்தை நல்லா பாருங்க, கீல் பக்கம் பழைய கிரைண்டிங் கோடும் இரும்போட கறுப்புத் தோலும் அப்படியே தெரிஞ்சா அங்க இரும்பு உருகவே இல்ல, சுவத்துல சாணி தட்டின மாதிரி மேல ஒட்டியிருக்கு அவ்ளோதான். மெல்லிசு பைப் ஓட்டையாயிடும்னு பயந்து ஆம்ப்ஸை, அதான் கரண்ட் அளவை, குறைச்சிருப்பீங்க, நம்மாளுங்க பாதிப் பேர் இதைத்தான் பண்றாங்க. 3.15 மி.மீ. ராடுக்கு 90லேருந்து 130 ஆம்ப்ஸ் வரைக்கும் போகலாம், பாக்கெட்லயே போட்டிருக்கும். தடிமனான கீல் பக்கம் ஆர்க்கை, அதான் ராடு நுனியில எரியற மின்சாரப் பொறியை, நிறுத்தி சூடு குடுங்க, பைப் பக்கம் சும்மா தொட்டுட்டு வாங்க. ஆர்க் நீளம் ராடுக்குள்ள இருக்கற கம்பியோட தடிமன் அளவுதான், அதுக்கு மேல தூக்கினா ஓரத்துல பள்ளம் விழும், உருகின இரும்பு சுத்தி தெறிக்கும். துரு, பெயிண்ட், எண்ணெயை முதல்லயே தேய்ச்சு எடுத்துருங்க, இல்லன்னா கேஸ் மாட்டி உள்ள பொத்தல் பொத்தலா நிக்கும். ரெண்டாவது லைன் போடறதுக்கு முன்னாடி வெல்டு மேல படிஞ்ச கசடை தட்டி பிரஷ் போடணும், இதுல சோம்பேறித்தனமே கூடாது.

சந்தேகமா இருந்தா ரெண்டு துண்டை டி மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் அடிச்சு, வைஸ்ல மாட்டி, வெல்டு இருக்கற பக்கமா சுத்தியால மடக்கி உடைச்சு பாருங்க. உள்ள எது நிக்குதுன்னு தெரிஞ்சுடும். கடைக்காரர் 7018 நம்பர் ராடு வாங்கச் சொன்னா வேணாம், அது ஈரம் பட்டா கெட்டுடும், 300 டிகிரிக்கு மேல ஓவன்ல காய வைக்கணும், கேட்டுக்கு எதுக்கு அந்த வேலை?

கேள்வி: ஹெல்பருக்கு ராத்திரி கண்ணு எரிஞ்சு தூக்கமே இல்ல. தாய்ப்பால் விடலாம்னு சொல்றாங்களே? - வாசகி, பல்லடம்

பதில்: வேணாம்மா. பாலும் வேணாம், உருளைக்கிழங்கும் வேணாம், கிருமி தொத்திக்கும். ஆர்க்ல வர்ற புற ஊதாக் கதிர் கருவிழி மேல்தோலை சுட்டுடுது, பல மணி நேரம் கழிச்சுதான் வலிக்கும். கசக்காம கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, பெரும்பாலும் ரெண்டு நாள்ல ஆறிடும். மரத்துப்போற சொட்டு மருந்தை கடையில வாங்கி விட்டுட்டே இருந்தா புண்ணு ஆறாது. ராடு அடிக்க 10 அல்லது 11 நம்பர் கிளாஸ் வேணும், கூலிங் கிளாஸ் பத்தாது. ஹெல்பர் அடிக்கலைன்னாலும் பக்கத்துல பிடிச்சு நிக்கறாரே, அவருக்கும் ஒரு ஷீல்டு வாங்கிக் குடுங்க.

கேள்வி: ஜிஐ பைப் அடிச்சா சாயங்காலம் குளிர் காய்ச்சல் வருது. பால் குடிச்சா சரியா? - வாசகர், ஆவடி

பதில்: பால் வயித்துக்குத்தான் போகும், ஜிஐ பைப் மேல இருக்கற துத்தநாகப் பூச்சு எரிஞ்சு வர்ற புகை போறது நுரையீரலுக்கு. அடிக்கற இடத்துல ரெண்டு பக்கமும் பூச்சை கிரைண்ட் பண்ணிட்டு, காத்தோட்டமான இடத்துல புகை மூஞ்சிக்கு வராத பக்கமா நின்னு அடிங்க. காய்ச்சல் ஒரு நாள்ல போயிடும், மூச்சு திணறினா மட்டும் தாமதிக்காம ஆஸ்பத்திரி போயிடுங்க.