மூன்று வாரமாகப் போகாத பரு: பயப்பட வேண்டுமா?

"ஆணுறுப்பின் அடியில், முடி உள்ள இடத்தில், மிளகு அளவில் ஒரு பரு. வலியும் அரிப்பும் இல்லை. மூன்று வாரமாகியும் போகவில்லை. ஆறு மாதத்துக்கு முன் ஒரே ஒருமுறை ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். தை மாதம் எனக்குக் கல்யாணம். மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் போடுகிறேன். இது பால்வினை நோயா? டாக்டரிடம் காட்டவே கூச்சமாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார் திருப்பூரைச் சேர்ந்த 27 வயது வாசகர்.

முதலில் அந்த க்ரீமை இன்றோடு நிறுத்துங்கள். நோயே என்னவென்று தெரியாமல் மெடிக்கலில் கொடுப்பது பல நேரம் ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருக்கிறது. அந்த இடத்துத் தோல் ரொம்ப மெல்லியது, மருந்தை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். நாளாக ஆகத் தோல் இன்னும் மெலியும். பருவின் தோற்றமே மாறிவிட்டால் பார்க்கிற டாக்டருக்கும் கண்டுபிடிப்பது கஷ்டம். சுண்ணாம்பு வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நேரில் பார்க்காமல் இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. முடி வளரும் இடம் என்பதால், ஷேவ் செய்தபின் வரும் வேர்க்கால் வீக்கமாகவோ சாதாரணக் கொழுப்புக் கட்டியாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் உறவுக்கும் சம்பந்தமில்லை. பருவின் நடுவில் தொப்புள் மாதிரி சின்னக் குழி இருந்தால் 'மொலஸ்கம்' என்ற வைரஸாக இருக்கலாம். காலிஃப்ளவர் போலச் சொரசொரப்பாக இருந்தால் எச்.பி.வி. வைரஸால் வரும் மருவைச் சந்தேகிப்போம். இந்த இரண்டும் உறவில் பரவும், தொற்றி மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். ஷேவ் செய்தால் பக்கத்துத் தோலுக்கும் பரவும். அதனால் இப்போதைக்கு ரேசர் வேண்டாம், கிள்ளவும் வேண்டாம். கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து எரிந்தால் அது ஹெர்பீஸ் என்ற வைரஸின் குணம்.

நான் அதிகம் கவலைப்படுவது சிபிலிஸ் என்ற பால்வினை நோயைப் பற்றித்தான். அது வலியில்லாத புண்ணாக வந்து, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஆனால் கிருமி உடம்பில்தான் இருக்கும். நீங்கள் சொல்லும் பரு அப்படித் தெரியவில்லை. தொற்றிய மூன்று மாதத்துக்குள் அந்தப் புண் வந்துவிடும் என்பதால் கணக்கும் ஒத்துவரவில்லை. ஆனாலும் முன்பே கவனிக்காமல் வந்து ஆறிப்போயிருக்கலாம். அதனால் சிபிலிஸைக் கண்டுபிடிக்கும் வி.டி.ஆர்.எல். ரத்தப் பரிசோதனை அவசியம். ஆரம்ப நிலை என்றால் ஒரே தடவை போடும் பென்சிலின் ஊசியிலேயே குணமாகும். அதோடு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன அந்த ஒருமுறைக்குப் பிறகு வேறு உறவு இல்லையென்றால், ஆறு மாதம் கடந்துவிட்டதால் எச்.ஐ.வி. முடிவை நம்பலாம்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டாம். முடிவு வரட்டும். மருவாகவே இருந்தாலும் உறைய வைத்தோ சுட்டோ எடுத்துவிடலாம். ஆனால் வைரஸ் கொஞ்ச காலம் தங்கக்கூடும் என்பதை வருங்கால மனைவியிடம் மறைக்காதீர்கள். அவருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுவது பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் கூச்சம். தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர் தினமும் பார்க்கிற விஷயம் இது. அரசு மருத்துவமனையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையை 'நம்பிக்கை மைய'த்தில் இலவசமாக, ரகசியமாகச் செய்கிறார்கள். முதலில் பேசிப் பார்க்க நினைத்தால் 1097 என்ற இலவச எச்.ஐ.வி. உதவி எண் இருக்கிறது.

காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், புண், சிறுநீர் போவதில் சிரமம் வந்தால் அன்றே போய்விடுங்கள். இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் போங்கள். போட்ட க்ரீம் டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.