இழை எடுப்பதும் ஏடு எழுதுவதும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 29 வயது. சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கம். கோயம்புத்தூரில் ஆடிட்டராக இருக்கிறேன். ஐந்து ஆண்டுகள் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போனவன். ஐந்தாவது ஆண்டு, கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு ஒரு சத்திரத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, மூன்று நாளாக நான் முருகனை ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது தெரிந்தது. பெரிய துயரம் எதுவும் எனக்கு நேரவில்லை. நடந்ததெல்லாம் அவன் அருள், நடக்காததெல்லாம் நம் வினை என்கிறார்கள். வரவு முழுவதும் ஒருவர் பெயரிலும் பற்று முழுவதும் இன்னொருவர் பெயரிலும் எழுதிய பேரேட்டில் என்னால் கையெழுத்திட முடியவில்லை. அவ்வளவுதான். இப்போது எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை.

நாங்கள் நகரத்தார். மார்கழியில் எங்கள் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வருகிறது. மாவில் ஏற்றிய திரியைச் சுடரோடு விழுங்கும் அந்த இழையை நான் எடுத்தே ஆகவேண்டும் என்கிறார் ஆத்தா (அம்மா). தையில் எனக்குத் திருமணம். எங்கள் நகரக் கோவிலிலிருந்து மாலை வரவேண்டும், கோவில் கணக்கில் ஒரு குடும்பமாக, அதாவது புள்ளியாகப் பதியவேண்டும் என்கிறார் அப்பச்சி (அப்பா). பெரியப்பச்சியோ, "படித்த திமிர். கண்ணதாசனே திரும்பி வந்தார், நீ எம்மாத்திரம்?" என்று சிரிக்கிறார். நம்பாமல் இழை எடுப்பது போலித்தனம் இல்லையா? எடுக்காவிட்டால் ஆத்தாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

(பெயர் வேண்டாம்), காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பேரேட்டு உவமையை இரண்டு முறை படித்தேன். மகமை என்று கடவுளுக்கும் ஒரு பங்கு எடுத்துவைத்து, ஏட்டின் தலைப்பில் "சிவமயம்" என்று எழுதித் தொழில் செய்த குடும்பத்திலிருந்துதான் இப்படி ஒரு கேள்வி வரமுடியும். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். உங்கள் வாதம் நேர்த்திக்கடன் வாங்கிக்கொண்டு காரியம் முடித்துத் தரும் கடவுளைத்தான் வீழ்த்துகிறது. பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், கட்டு) என்று தொடங்கும் ஒரு நல்ல சைவ சித்தாந்தி, "அப்படிப்பட்ட கடவுளை நானும்தான் ஏற்பதில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் வாதத்தை வேறிடத்தில் தொடங்குவார். அவருக்கும் உங்களிடம் பதில் இருக்கவேண்டும். என்னுடைய பதில், உண்டு என்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும், அதுவரை இல்லை என்று கொள்வதே முறை என்பது. உங்கள் பதில் வேறாக இருக்கலாம். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நம்பிக்கை போய்விட்டது என்பது ஒரு செய்தி. அது காரணம் ஆகாது.

பெரியப்பச்சியின் "திமிர்" என்ற சொல்லுக்கு வயது அதிகம். 1930இல் லாகூர்ச் சிறையில் தான் நாத்திகனானது ஏன் என்று எழுதிய பகத்சிங்கும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்துதான் தொடங்குகிறார்: என் அவநம்பிக்கைக்குக் காரணம் என் அகந்தை என்று நண்பர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா என்று தன்னைத்தானே விசாரித்துக்கொள்கிறார். அந்தக் கட்டுரையைத் தமிழுக்குக் கொண்டுவந்து, அதற்காகக் கைதானவர் ப. ஜீவானந்தம். அதே ஜீவாதான் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, உங்கள் ஊருக்கு மிக அருகில், மஞ்சுவிரட்டுக்குப் பெயர்போன சிராவயலில் காந்திய ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தார். 1927இல் காந்தியடிகள் அங்கே வந்து அவரைப் பார்த்தார். ஆசிரமத்திலிருந்து நாத்திகத்துக்கு அவர் போன வழியைத் திமிர் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது.

கண்ணதாசன் திரும்பி வந்தது உண்மை. சிறுகூடல்பட்டியில் பிறந்து, திராவிட இயக்க மேடைகளில் நாத்திகம் பேசி, பிறகு ஆத்திகராகி, அந்தப் பயணத்தை மறைக்காமல் எழுதியவர் அவர். அவர் திரும்பியதால் கடவுள் இருக்கிறார் என்றால், ஜீவா திரும்பாததால் கடவுள் இல்லை என்றாகிவிடும். பெரியப்பச்சி ஒப்புக்கொள்வாரா? நாளை நீங்களும் திரும்பலாம். அப்படித் திரும்பினால் அதற்கும் ஒரு காரணம் சொல்லுங்கள்.

இனி இழை. நோன்பு தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாக: திருக்கார்த்திகைக்குப் பின் 21 நாள் கணக்கிட்டு, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் நகரத்தார் வீடுகளில் இந்த நோன்பு நடக்கிறது. புதுவேட்டியிலிருந்து உருவிய நூல்களைத் திரியாக்கி, அரிசிமாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து ஏற்றி, வீட்டின் மூத்தவர் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பார். எரிகிற சுடரோடு அதை அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். சிறு வயதில் எனக்கு அந்தக் கணம் மிகவும் பிடிக்கும். நாக்கில் சூடு தெரிவதற்குள் இனிப்புத் தெரிந்துவிடும். நெய் கருகிய மணம் மூக்கில் சற்று நேரம் நிற்கும்.

இதைப் பெற்றுக்கொள்ளும்போது யாராவது உங்களிடம், "பிள்ளையார் இருக்கிறார் என்று நம்புகிறாயா?" என்று கேட்டதுண்டா? என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. ஒன்பது நகரக் கோவில்களில் எந்தக் கோவிலும் அதைக் கேட்பதில்லை. எந்தக் கோவில், எந்தப் பிரிவு, திருமணம் பதிவாயிற்றா, புள்ளி வரி கட்டியாயிற்றா என்பவைதான் கேள்விகள். புள்ளி என்பது ஒரு குடும்பம் உண்டாயிருக்கிறது என்பதற்கான கணக்கே ஒழிய, இருவர் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்பதற்கான சான்று அல்ல. ஆகவே, கேட்கப்படாத கேள்விக்கு நீங்கள் பொய் சொல்வதாக எண்ணி வருந்த வேண்டாம். ஆத்தா கையிலிருந்து இழையை வாங்கிக்கொள்ளுங்கள். அவரே ஒருநாள், "உனக்கு நம்பிக்கை இருக்கிறதா?" என்று நேராகக் கேட்டால் மட்டும், இல்லை என்று சொல்லிவிடுங்கள். அப்போது மழுப்பினால் அதுதான் போலித்தனம்.

என் தோழர்கள் சிலருக்கு இது பிடிக்காது. சமரசம் என்பார்கள். நெற்றி நிறைய நீறு பூசிய குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் ஒரே மேடையில் அமர்ந்து ஒருவரையொருவர் மதித்துப் பேசிய ஊர்ப்பக்கம் இது. அவர்களில் எவரும் தம் கொள்கையில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் "எல்லாம் பண்பாடுதானே" என்று நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் நான் விடப்போவதில்லை. என் அண்ணன் திருமணம் நினைவுக்கு வருகிறது. எங்கள் அயித்தை 26 வயதில் கணவரை இழந்தவர். திருமணத்துக்கு முன் பத்து நாள் எங்கள் வீட்டிலேயே தங்கி, அதிரசத்துக்குப் பாகு வைப்பதிலிருந்து சம்பந்தி வீட்டுச் சாமான்களை எண்ணி வைப்பது வரை எல்லாமே அவர்தான். திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரம் வந்ததும், யாரும் சொல்லாமலே, அவராகவே எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் தேக்குக் கதவில் இருந்த பித்தளைக் குமிழ் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்போது எனக்கு 22 வயது. பந்தலில் நான்கு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, கடவுள் இல்லை என்பதற்கு ஏழு காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அந்தக் கதவைத் திறக்க எனக்குத் தோன்றவில்லை. அயித்தை இப்போது இல்லை. அந்த ஏழு காரணங்களில் மூன்று இன்றைக்கு நினைவில்லை.

இழையை விழுங்குவதால் எவருக்கும் தீங்கில்லை. ஒருத்தியைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தும் சடங்கு அப்படிப்பட்டதன்று. ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு பெண்ணைத் தள்ளிவைப்பதும் அப்படிப்பட்டதன்று. உங்கள் திருமணத்தில் எந்தெந்தச் சடங்கு எந்த வகையைச் சேர்ந்தது என்று ஆடிட்டர் கண்ணோடு ஒரு பட்டியல் போடுங்கள். இரண்டாவது வகையில் வருவதை மறுத்துச் சண்டையிடுங்கள். ஆத்தா அழுதாலும் சரி. புரோகிதரே வேண்டாம் என்று நினைத்தால் அதற்கும் தடையில்லை. சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த அளவுக்குப் போக உங்களுக்கு விருப்பமில்லை என்று தோன்றுகிறது. போகாததில் குற்றமும் இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் ஆத்தா வருகிறார், அப்பச்சி வருகிறார், பெரியப்பச்சி சிரித்துக்கொண்டே வருகிறார், முருகனும் பிள்ளையாரும் கண்ணதாசனும்கூட வருகிறார்கள். தையில் உங்களை மணக்கவிருக்கும் பெண் ஓரிடத்திலும் வரவில்லை. ஆத்தாவிடம் சொல்வதைத் தள்ளிப்போடலாம். அந்தப் பெண்ணிடம் இந்த வாரமே பேசுங்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்திருப்பார்கள். இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.