பாட்டில் டொர்னாடோவில் சுழல் வரவில்லையா?
தண்ணீர் உள்ள பாட்டிலையும் காலிப் பாட்டிலையும் நடுவே துளை இருக்கும்படி வாயோடு வாய் டேப்பால் ஒட்டிக் கவிழ்த்து, டொர்னாடோ (சுழன்றடிக்கும் காற்றுத்தூண்) போன்ற சுழலை உண்டாக்கும் சோதனை இது. உங்கள் குழு செய்தபோது சுழல் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.
கவிழ்த்ததும் இரண்டு பாட்டிலையும் சேர்த்துப் பிடித்து, நாலைந்து முறை வேகமாக வட்டமாகச் சுழற்றிவிட்டு நிறுத்துங்கள். சும்மா கவிழ்த்து வைத்தால் உங்கள் குழுவுக்கு நடந்ததுபோல் குபுக் குபுக்கென்றுதான் தண்ணீர் இறங்கும். கீழ்ப் பாட்டிலின் காற்று மேலேற வழியில்லாமல் குமிழ் குமிழாக முட்டிக்கொண்டு வரும் சத்தம் அது. சுழற்றினால் நடுவில் குழாய்போல வழி திறந்து காற்று ஏறும். தண்ணீர் அதைச் சுற்றிச் சுழன்று இறங்கும்.

அப்படியும் வராவிட்டால் இணைப்புத் துளையைப் பாருங்கள். சுமார் 1 செ.மீ. அகலம் நல்லது. டேப் உள்ளே மடிந்து அடைத்திருக்கலாம்.

அப்புறம், அறிக்கையில் இதைக் கட்டாயம் எழுதுங்கள்: இங்கே ஈர்ப்பு விசையால் தண்ணீர் கீழே போகிறது, நிஜ டொர்னாடோவில் காற்று சுழன்றபடி இடிமேகத்தை நோக்கி மேலே ஏறுகிறது.